குறையாத எடை

மார்ச் 3

ஆய்வுக்கூடத்தில் பதினான்காம் தொட்டி இன்று என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. காலை எட்டிலிருந்து பகல் இரண்டுக்குள் மற்ற மக்காச்சோளச் செடிகள் ஒவ்வொன்றும் கால் கிலோ எடை இறங்கின. இது ஐம்பது கிராம்கூட இல்லை. மண்ணைப் பாலித்தீனால் மூடியிருப்பதால், குறைகிற எடை இலைவழி போன தண்ணீர்தான். அதே தண்ணீர், அதே வறண்ட காற்று. இது மட்டும் இலைத்துளைகளை மூடிக்கொண்டு நிற்கிறது. எதைப் பார்த்து?

வீட்டில் நிம்மதி. காலில் மாவுக்கட்டோடு கிடக்கும் அண்ணன் ஜாடித் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் காலி செய்திருந்தான். ஏற்கெனவே சிறுநீரகத்தில் கல் வந்தவன், குடித்தே ஆகவேண்டும். “செடிக்கு அளந்து ஊத்து, எனக்கு அளக்காம ஊத்து”ன்னு கிண்டல் வேறு.

மார்ச் 5

பதினான்கின் இலையைத் தொட்டேன். சுட்டது! துளை மூடினால் இலை குளிராது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

“செடியும் பயப்படும்மா,” என்றார் ஆய்வுக்கூட மேலாளர், சிரிக்காமல்.

மார்ச் 6

அண்ணன் கட்டிலை ஒட்டிய ஜன்னல் செடி வாடிக் கிடக்கிறது. ஒரு டம்ளர் ஊற்றினேன்.

மார்ச் 8

இன்னும் வாட்டம். இரண்டு டம்ளர் ஊற்றினேன். “பாவம், அத விட்டுடேன்” என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேசும்போது உதடு ஒட்டுகிறது. மாத்திரையாம்.

ஜாடி வழக்கம்போலக் காலி. ஆனால் காலையில் நான் கவிழ்த்து வைத்த டம்ளர் அப்படியே இருந்தது, உள்ளே காய்ந்து. “அண்ணாந்து குடிச்சிடுறேன்” என்கிறான். படுத்துக்கொண்டா? ஏனோ அந்த அறையில் எங்களைத் தவிர இன்னொன்று குடித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. சீ, என்ன நினைப்பு இது.

மார்ச் 10

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பகலில் பதினான்கைப் பிரித்தோம். ஒரு பக்கம் நல்ல ஈரம். மறுபக்கம் காய்ந்து இறுகிய கட்டி. தொட்டியை நிரப்பியவள் நான்தான், கவனிக்கவில்லை. வேரில் பாதி தண்ணீரில் இருந்தும், காய்ந்த பாதி மூடச் சொல்லியிருக்கிறது. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் பயந்து மூடிக்கொண்டது.

வழியெல்லாம் அதே நினைப்பு. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பழக்க தோஷம். ஒரு கையால் அசைக்க முடியவில்லை! அழுகல் வாடை. அது காய்ந்து வாடவில்லை, மூழ்கி வாடியிருக்கிறது. நாள் முழுக்க எடை பார்க்கிற நான், இதைத் தூக்கிப் பார்க்காமல் மேலும் மேலும் ஊற்றியிருக்கிறேனே!

நான் ஊற்றிய மூன்று டம்ளர் இவ்வளவு கனக்காது. அப்புறம்தான் காலி ஜாடியைப் பார்த்தேன். அண்ணன் நெற்றியில் கை வைத்தேன். அந்த இலையின் சூடு.

“ஏண்ணா?”

“குடிச்சா எழுந்து போகணும். நீ வர எட்டு மணி நேரம் ஆகுது. ரெண்டு தடவ விழுந்துட்டேன். உன் வேலை போயிடுமேன்னு சொல்லல.”

அட பாவி மனுஷா. அழுதுகொண்டேதான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினேன்.

மார்ச் 11

சிறுநீரகத் தொற்று. டிரிப்ஸ் ஏறுகிறது. “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எங்க கைல இல்ல” என்றார் டாக்டர்.

மார்ச் 15

காய்ச்சல் விட்டது. “உன் செடிங்க தேடப் போகுது, போ” என்கிறான். போகவில்லை.

மார்ச் 21

அண்ணன் வீடு திரும்பி மூன்றாம் நாள். கட்டிலடியில் சிறுநீர்ப் பாத்திரம், பகலில் இரண்டு தடவை எட்டிப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர். அண்ணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. தின்னட்டும். ஜன்னல் செடி செத்துவிட்டது; ஜன்னல் பலகையில் வட்டமாக ஈரக்கறை மட்டும் போகவில்லை.

மாலை வந்ததும் முதலில் ஜாடியைத்தான் பார்த்தேன். கால்வாசித் தண்ணீர் மிச்சம் இருந்தது. டம்ளர் நனைந்திருந்தது.