மணி அடிக்கும் வேலை

நவ. 8, சனி

தூறல். ஈஜோக் தோட்டத்திலிருந்து பஸ். கோலா சிலாங்கூரில் ஆற்றின்மேல் ஒரே பனி, அக்கரையே இல்லாததுபோல. வாத்தியார் ஆவதற்கான சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பு. தோட்டத்தைக் காவல் காக்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலையை விட்டு மாதங்கள் ஆகியும் தோளில் துப்பாக்கி கனக்கிறது. வழக்கம்போலக் கதவோர இடம்.

இலக்கணப் பாடம். கண் சொக்கியது. கரும்பலகைக்குள் ரப்பர் மரங்கள் வரிசையாக மெல்ல நடந்து வந்தன. அழகாகத்தான் இருந்தன. அப்போது வெளியே மணி. மணி என்றால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. எங்கள் தோட்டத்துக் காவல் கொட்டகையிலும் அதேதான். அடித்தால், காட்டிலிருந்து கம்யூனிஸ்ட்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"படுங்க!" என்று கத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் விழுந்தேன்.

பார்த்தால் வகுப்பே தரையில். எல்லோரும் தோட்டத்து ஆட்கள். பட்டணத்து வாத்தியார் மட்டும் சாக்குக்கட்டியோடு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நவ. 9, ஞாயிறு

வெயில். சட்டை துவைத்தேன். சோப்பு தீர்ந்தது. இனி வகுப்புக்குப் போவதில்லை. நாளைக்குப் பிள்ளைகள் முன்னால் இப்படி விழுந்தால்? வாத்தியாராக ஆசைப்பட்டதை நினைத்து அழுதேன்.

மாலை மாரியாயி வந்தாள். அதே வகுப்பு, பக்கத்து லயம். முன்பு முள்வேலி வாசலில், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி போகிறதா என்று தினமும் அவள் தூக்குச்சட்டியைக் குடைந்தவன் நான்.

"வாத்தியாரு கேட்டாரு. நான்தான் தோட்டத்து மணி கதையெல்லாம் சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

"சொன்னாத்தானே தெரியும்லா. மணிய எடுத்துடலாமான்னாரு. வேணாம், அண்ணனே அடிக்கட்டும்னேன். எப்ப வரும்னு தெரிஞ்சா பயம் வராதுல்ல? எங்களுக்குந்தான் திக்குங்குது. அடிக்குமுன்ன ஒரு கொரல் குடுங்க."

கோபம். எழுந்துபோய்க் கொடியைத் தொட்டுப் பார்த்தேன். சட்டை காய்ந்துவிட்டது.

நவ. 14, வெள்ளி

மழை. மதியத் தூக்கத்தில் கனவு. ஆற்றுக்கடியில் வகுப்பு. யாரோ மணி அடிக்கிறார்கள், சத்தமே இல்லை. நன்றாக இருந்தது. எழுந்து சட்டைக்குப் பொத்தான் தைத்தேன்.

நவ. 15, சனி

பனி. போனேன். வாத்தியார் மணி அடிக்கும் சுத்தியலை நீட்டினார்.

"கதவோர எடம் ஒங்களுக்குத்தான். முடியலன்னா எழுந்து வெளிய போங்க. என்னைக் கேக்க வேணாம்."

தண்டவாளத் துண்டருகே போய் நின்றேன். வெளியிலிருந்து குரல் கொடுத்தேன்: "அடிக்கப் போறேன்!"

"அடிங்கண்ணே!" மாரியாயி.

அடித்தேன். உடம்பு தானாகக் குனியப் பார்த்தது. காலை ஊன்றி நின்றேன். ஜன்னல் வழியே பார்த்தேன். எல்லோரும் அவரவர் இடத்தில். வாத்தியார்தான் மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்திருந்தார்.

இந்தத் தடவை சிரித்தோம். அவரும்.