தவக்காலத்து ஆறு போத்தல்கள்

மார்ச் 28, சனி

எழுந்ததும் முதல் வேலையாகக் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மூக்கு வேலை செய்கிறது. பல் விளக்கியதே அதற்குப் பிறகுதான்.

காலையிலேயே கொளுத்தும் வெயில். காயப்போட்ட துணி அப்பளம் மாதிரி.

பீர் இல்லாத ஆறாவது சனி. எல்லாம் கூடப்பிறந்த லூர்து அக்காவால். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று, வழக்கம்போல இறைச்சியை விடுகிறேன் என்றேன். "நீ ஆட்டெறச்சிய விட்டா அது ஆட்டுக்குத்தான் நல்லது. ஒனக்கு எது வலிக்குமோ அத விடு" என்றாள். தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் அதட்டி ஓய்வு பெற்றவள். நாற்பத்தாறு வயதிலும் அவள் முன்னால் எனக்குக் கை தானாகக் கட்டிக்கொள்கிறது.

மாலை லிம்மின் பீர்க் கடை, பின்மேசை. குடிக்காதவளுக்கு அங்கே என்ன வேலை? எழுத்தர் வேலை. மற்ற மூவரும் குடித்துவிட்டுச் சொல்லும் அபிப்பிராயங்களை எழுதி, எங்கள் பீர் ருசிக்கும் குழுவின் வாட்ஸப்பில் போட வேண்டும். குழுவின் விதி நான் வைத்தது: நாக்கில் பட்டதைச் சொல், மனசில் பட்டதைச் சொல்லாதே.

இன்று கோதுமை பீர். மங்கலான மஞ்சள்.

சிவா (காப்புறுதி விற்கிறான், வார்த்தைக்குப் பஞ்சமில்லை): "மொதல்ல வாழப்பழம். அப்பறம் கிராம்பு. பின்னால எங்கயோ ஒரு கல்யாண வீடு அக்கா."

லிம் (கடைக்காரர், சீனர், எங்களோடு பழகிய தமிழ்): "பானானா ஓகே. ஆனா வயிறு ஃபுல் லா. சோறு சாப்பிட்ட மாதிரி."

ஜெரோம்: "நல்லா இருக்கு. குளிரா இருக்கு."

ஜெ. எல்லாவற்றுக்கும் சொல்வது இதுதான். கசந்தாலும் புளித்தாலும் அதேதான். இரண்டு ஃபேக்டரி பஸ் வைத்து ஓட்டுகிறார், மனைவி இறந்து சில வருடம், பிள்ளை இல்லை. இந்த மனுஷன் பீர் ருசிக்க வருவதில்லை, வேறு எதற்கோ வருகிறார் என்று சிவா கிண்டல் செய்தான். அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எல்லோரும் எழுந்த பிறகு ஜெ. அதே பீரில் இன்னொரு போத்தல் வாங்கி, பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைக்கிறார். வாரா வாரம். எங்கள் முன்னால் அரைக் கிளாஸோடு நிறுத்துகிறவர், வீட்டில் தனியாக முழுப் போத்தலா?

குடிக்காமல் உட்கார்ந்தால் இதெல்லாம் கண்ணில் படுகிறது.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

கோயிலில் கூட்டம். மின்விசிறி இருந்த தூணுக்கு அருகே இடம் கிடைக்கவில்லை. ஜெ. குருத்தோலை ஆறு எடுத்துக்கொண்டார். ஒற்றை ஆளுக்கு ஆறு ஓலை எதற்கு?

சிவாவுக்குப் போன் செய்து போத்தல் விஷயம் கேட்டேன். "அக்கா, நான் சொன்னா அவரு என்னய பஸ்ஸ வுட்டு ஏத்திருவாரு" என்று வைத்துவிட்டான். அப்படியானால் விஷயம் பெரிதுதான்.

அக்காவிடம் சொன்னேன். "தனியா இருக்கற ஆம்பள போத்தல வாங்கிப் பூவா வைப்பான்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே: "நல்ல மனுஷன். நீதான் கவனிக்கணும்."

"நான் எதுக்கு?"

"நீதானே குத்தம் கண்டுபுடிச்சு சம்பளம் வாங்கறவ."

ஏப்ரல் 1, புதன்

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போகும் வழியெல்லாம் நெரிசல். பத்து நிமிடம் தாமதம்.

இன்று ஒரு பெட்டி கணினிச் சில்லுகளை நிராகரித்தேன். மயிரிழைக் கீறல். புதிதாக வந்த சூப்பர்வைசர் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து, "எங்கக்கா? எனக்குத் தெரியலயே" என்றார். "எனக்குத் தெரியுது" என்றேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ரிஜெக்ட் அக்கா' என்று பெயர். தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் யோசித்தால், இந்தக் கண் ஃபேக்டரி கேட்டோடு நின்றுவிடுவதில்லை. இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்தது. பினாங்கு நீதிமன்றத்தில் வேலை. நல்ல குடும்பம். காப்பியை உறிஞ்சும்போது சத்தம் போட்டார் என்று வேண்டாம் என்றேன். அடுத்தவர் பேசும்போது 'ஆக்சுவலி' அதிகம். அதற்கடுத்தவரிடம் என்ன குற்றம் கண்டேன் என்பதே மறந்துவிட்டது.

பாலும் பாத்திர சோப்பும் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

விடுப்பு. மதியம் கஞ்சி மட்டும். தலைவலி.

சிலுவைப்பாதை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ஜெ.-ஐப் பிடித்தேன். இன்று கேட்காவிட்டால் என்றும் கேட்க மாட்டேன்.

"ஜெரோம், ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வீட்டுல தனியாக் குடிக்கிறீங்களா?"

காது சிவந்துவிட்டது. கறுத்த காது சிவப்பதைப் பார்க்க என் மாதிரி கண் வேண்டும்.

"யாரு சொன்னா?"

"நாந்தான் பாத்தேன். போத்தலு, பேப்பரு, பையி."

செருப்பால் தாரைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உயிர்ப்பு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வாங்க மினா. அக்காவையும் கூட்டிட்டு வாங்க. சிவா, லிம் வராங்க. அப்பக் காட்டறேன்."

"என்னத்தக் காட்டுவீங்க?"

"வாங்கன்னா வாங்க லா. சாப்பிட்டுட்டு ஒங்ககிட்ட ஒரு விஷயமும் கேக்கணும்."

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. தெரியாமல் இல்லை. காரில் அக்கா ஜெபமாலை சொல்லிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அருள் நிறைந்த மரியே, ஓரக்கண். அருள் நிறைந்த மரியே, ஓரக்கண்.

ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது.

ஜெ. வீடு சுங்கை ஆராவில், வரிசை வீடு. நெய்ச்சோறு, கோழிப் பிரட்டல், எல்லாம் அவரே சமைத்தது. உப்பு கொஞ்சம் குறைவு. சொல்லவில்லை. சிவா ஒரு வாளி முறுக்கோடு வந்திருந்தான், லிம் ஆரஞ்சுப் பழத்தோடு.

சாப்பிட்டதும் ஜெ. எங்களை ஹாலுக்கு அழைத்துப்போனார். சுவரில் பீடம். திரு இருதயப் படம், சின்ன சிவப்பு பல்பு, கீழே ஒரு பலகை. பலகையில் ஆறு பீர் போத்தல்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் குருத்தோலைச் சிலுவை. வயிற்றில் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் 'மினா'.

அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "அட ஆண்டவரே! மந்திரிச்ச ஓலையப் போயி பீர் போத்தல்ல கட்டியிருக்கீங்களே!"

"ஒங்க தங்கச்சி சாமிக்காக விட்டது அக்கா. அதான் சாமிகிட்டயே வச்சிருந்தேன்." என் பக்கம் திரும்பினார். "நாங்க மூனு பேரும் குடிக்கறோம், நீங்க எழுதிக்கிட்டே இருக்கீங்க. மனசு கேக்கல. வாரத்துக்கு ஒன்னு எடுத்து வச்சேன்."

ஒரு போத்தலில் இருந்த என் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். அதே நேரத்தில் கண் ஜன்னலுக்குப் போனது. பீடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய ஜன்னல், திரை கிடையாது. மத்தியான வெயில் நேராகப் பலகையில். படத்தில் ஆண்டவரின் சிவப்பு மேலாடை ரோஸ் நிறத்துக்கு வெளுத்திருந்தது. ஆண்டவருக்கே இந்தக் கதி. பச்சைக் கண்ணாடிப் போத்தல் பீர் எம்மாத்திரம்?

"பிரிட்ஜுல வைக்கலயா ஜெரோம்?"

"பிரிட்ஜுல வச்சா என் தம்பி மவனுங்க குடிச்சிருவானுங்க. பீடத்துல யாரு கைய வைப்பா?" என்று சிரித்தார். அவ்வளவு வெற்றிச் சிரிப்பு.

லிம் ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஐஸ் இருக்கா, நான் போய் எடுக்கிறேன்" என்று குசினிக்கு ஓடிவிட்டார். பீர் விற்கிறவர், வெயில் பட்டால் பீர் நாறிவிடும் என்று அவருக்குத் தெரியாதா?

ஐஸ் வாளியில் அரை மணி நேரம். முதலில் பச்சைப் போத்தல். ஏழு வாரம் பட்டினி கிடந்த மூக்கு. கிளாஸ் வாய்க்கு வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது.

சிவா ஒரு மடக்கு குடித்தான். கண்ணில் நீர். "இதுல ஒரு... ஆழம் இருக்கு அக்கா" என்றான். துரோகி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெ. நாற்காலி நுனியில், கை இரண்டும் முட்டியில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை போல.

"எப்படி இருக்கு மினா?"

பொய் சொன்னால் இன்றைக்கு நல்லது. ஆனால் முதல் கிளாஸிலேயே பொய் சொன்னால், மீதிக் காலமெல்லாம் இந்த மனுஷன் எதிரில் பொய் சொல்லிக்கொண்டே சோறு சாப்பிட வேண்டும். உண்மை சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். ஒரு வேளை அவரும்.

"குளிரா இருக்கு" என்றேன்.

ஜெ. சிரிப்பு மெல்ல இறங்கியது. பிறகு தணிந்த குரலில், "அது என் வசனம் மினா. நாக்குல பட்டதச் சொல்லுங்க. நீங்க வச்ச விதிதானே?"

மூச்சை இழுத்துக்கொண்டேன். "கட்டிப்பால் லாரிக்குப் பின்னால மோட்டார்ல போற மாதிரி இருக்கு. மழ பேஞ்சப்பறம்."

அக்கா கையால் வாயை மூடினாள். ஜெ. என் கிளாஸை வாங்கினார். குடித்தார். மேலே பார்த்து யோசித்தார். ரப்பர் பால் கட்டிகள் ஏற்றி நாறிக்கொண்டே போகும் அந்த லாரியை இந்த நாட்டில் முகராதவன் யார்.

"ஆமா லா" என்றார். "எனக்குத் தெரியும் இந்த லாரி. என் பஸ்ஸுக்கு முன்னால ஊந்துக்கிட்டே போவும். சைட் குடுக்காது."

குழு தொடங்கிய ஒன்றரை வருடத்தில் அவர் சொன்ன முதல் அபிப்பிராயம். சிவா கை தட்டினான். லிம் குசினியிலிருந்து தலையை நீட்டி, "ஸாரி லா மினா. வாங்கினான், எனக்குத் தெரியும். எங்க வைக்கிறான், நான் கேக்கல."

அதன் பிறகு மனுஷனை நிறுத்த முடியவில்லை. இரண்டாவதுக்கு: "தம்பி மவன் ஸ்கூலுக்குச் செஞ்ச அட்ட வீடு. மழைல நனஞ்சது." மூன்றாவதுக்கு: "அரசாங்க ஆபீஸ் தண்ணிக் குழா." கோதுமை பீர் ஒரே வாரம்தான் வெயிலில் இருந்தது. சிவா முகர்ந்துவிட்டு, "கல்யாண வீடுதான் அக்கா, ஆனா மறுநாள். பந்தல் பிரிக்கிறானுங்க" என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல். இந்தக் குழுவில் இவ்வளவு நல்ல அபிப்பிராயங்கள் வந்ததே இல்லை. எழுதிக்கொள்ளத்தான் ஆளில்லை.

கடைசியாகக் கறுப்பு ஸ்டௌட். தவக்காலத்தின் முதல் சனிக்கு வாங்கியது, எல்லாவற்றையும்விட அதிக நாள் வெயிலில் நின்றது. அதனாலேயே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் பழுப்புக் கண்ணாடி, வெயிலைத் தடுக்கும்; போதையும் கூடுதல்.

ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு.

"அவ்வளவு மோசமா?" என்றார் ஜெ.

மூன்றாவது மடக்குக்குக் கிளாஸைத் தூக்கினேன். அக்கா கிளாஸைப் பிடுங்கினாள். வாழ்நாளில் பீர் தொடாதவள். "ஞாயித்துக்கெழம நோன்பு இல்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உறிஞ்சினாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"குலா மெலாக்கா வெல்லப் பாகு. லேசா அடிப்புடிச்சது. கொஞ்சம் பேரீச்சம்பழம்." இன்னொரு உறிஞ்சல். "இது கெட்டுப்போகல. ஊறியிருக்கு."

கிளாஸைத் திருப்பித் தரவில்லை.

கிளம்பும்போது கேட்டுக்கு அருகில் ஜெ. வந்து நின்றார். அக்கா ஏற்கெனவே காரில், சீட் பெல்ட் போட்டு, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு.

"தனியாச் சாப்பிடறேன் மினா. இத்தன வருஷமா. நல்லா இல்ல. நாக்குல பட்டதச் சொல்றேன்." காது மறுபடி சிவப்பு. "நீங்க வந்தீங்கன்னா நல்லா இருக்கும். எனக்கு. கல்யாணம்தான் கேக்கறேன், சுத்தி வளைக்கத் தெரியல."

"ஒரு வாரம் டைம் குடுங்க."

"ஒரு வாரந்தானே? பீருக்கே ஏழு வாரம் காத்தேன்."

வெயிலில் காத்தது பீர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இது முன்னேற்றமா, சரிவா?

ஏப்ரல் 6, திங்கள்

வயிறு சரியில்லை. காரணம் தெரிந்ததே. கீறல் விழுந்த சில்லு ஒன்றைக் கவனிக்காமல் தள்ளிவிட்டேன். சூப்பர்வைசர் திருப்பிக்கொண்டு வந்தார். "அக்கா, ஒடம்பு முடியலயா?"

ஏப்ரல் 8, புதன்

அவரிடம் உள்ள குறைகள் என்று யோசித்துப் பார்த்தேன். சமையலில் உப்பு குறைவு. பஸ் ஹாரனை வீட்டு வாசலிலும் அடிப்பார். 'நல்லா இருக்கு' என்பது தவிரப் பாராட்டத் தெரியாது. ஜன்னலுக்குத் திரை போடத் தெரியாது.

அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. இருபத்தாறு வயதில் காப்பிச் சத்தத்துக்கு வேண்டாம் என்றவள் இவள்.

பயம் அவரைப் பற்றியதே இல்லை போலிருக்கிறது. ஒரு நாள் அவர் என்னைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால்?

அக்கா இரவுச் சாப்பாட்டின்போது, யாரும் கேட்காமல்: "என்னயப் பாத்துக்கணும், அதனால முடியாதுன்னு மட்டும் சொல்லிறாத. எனக்கு டிவி ரிமோட் கெடச்சாப் போதும்." பிறகு, "அந்தக் கறுப்புத் தண்ணிக்குப் பேரு என்ன?"

ஏப்ரல் 11, சனி

விடியற்காலையில் நல்ல மழை. இப்போது வெளிவாங்கல்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் அக்காவுக்கு மசாலைத்தூள் வாங்கப் போனேன். வாங்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம். பக்கத்துத் துணிக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் பாய், "வாங்கக்கா, என்ன வேணும்?"

"திரத்துணி. தடிப்பா. வெயில் உள்ள வரவே கூடாது."

"ஜன்னல் அளவு தெரியுமா?"

"அகலம் அஞ்சடி, ஒயரம் நாலு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த ஜன்னலை நான் அளந்ததே இல்லை. உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒரு மத்தியானம்.

பாய் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கருநீலம். ஊசி முனை வெளிச்சமும் வரவில்லை. "சொந்த வீட்டுக்கா அக்கா, வாடகை வீட்டுக்கா?"

"சொந்த வீட்டுக்கு" என்றேன்.

துணி இப்போது என் கட்டிலுக்கு அடியில். அக்காவுக்குத் தெரியாது. ஜெ.-க்கும் தெரியாது. பீடம் அதே இடத்தில் இருக்கட்டும், ஜன்னலை மூடினால் போதும்.

மாலை லிம் கடை. ஏழு வாரத்துக்குப் பிறகு அங்கே எனக்கும் ஒரு கிளாஸ். முதல் போத்தலைத் திறந்த பிறகு அவரிடம் சரி என்று சொல்வதா, முன்பா?

முன்பே. நாக்கில் ஒன்றும் படுவதற்கு முன்பே.