ஒருத்தியும் விண்ணப்பிக்கவில்லை

சிதம்பரம்,
17.6.2009

அன்புள்ள அக்கா,

கடலூரில் உங்களிடம் பயிற்சி பெறும் பிள்ளைகளில் ஒருத்திகூட இந்த வருஷம் எங்கள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவில்லை. நேற்று முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "படிப்புல நாமதான் முன்னாடி நிக்கிறோம். நல்லா ஃபுட்பால் ஆடுற பொண்ணுங்க மட்டும் ஏம்மா வர மாட்டேங்குறாங்க?" என்று கேட்டார். மார்க் அதிகம் கேட்கிறோம், லேப் ஐந்து மணி வரை நடக்கிறது என்றேன். அதெல்லாம் உண்மைதான்.

உங்களிடம் பயிற்சி பெற்று இங்கே சேர்ந்த சிந்துஜாவைப் பற்றி நான் சொல்லவில்லை.

அவளைச் சேர்க்க நெல்லிக்குப்பத்துக்கு வீடு தேடிப் போனவள் நான்தான். சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் அவள் அப்பா, "ஆட்டத்தால படிப்பு கெட்டுடக் கூடாது மேடம், பாத்துக்குங்க" என்றார். போன மார்ச்சில் மாநில அணி முகாமுக்கு அவளை அழைத்துக் கல்லூரிக்கு, உடற்கல்வி ஆசிரியை என்று என் பெயருக்கு, கடிதம் வந்தது. அதே வாரத்தில் செய்முறைத் தேர்வு. தவறவிட்டால் ஒரு வருஷம் போய்விடும் என்றார் அவளுடைய துறைத்தலைவர். நான் அந்தக் கடிதத்தை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

"மத்தவங்களுக்கெல்லாம் லெட்டர் வந்துடுச்சாம். எனக்கு வரல மேடம்" என்று அவளே வந்து சொன்னாள்.

"அடுத்த தடவ பாக்கலாம்" என்றேன்.

அதன்பிறகு அவள் மைதானத்துக்கு வரவேயில்லை. தேர்வில் எண்பத்திரண்டு சதவீதம் வாங்கினாள். அவள் அப்பா எனக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார்.

இங்கே சேர்ந்தவள் ஆடுவதை விட்டுவிட்டாள் என்பது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஏன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் வருகிறேன். அவளையும் வரச் சொல்லுங்கள், அக்கா. கடிதத்தை அவள் கையில் நானே கொடுக்க வேண்டும்.

உங்களோடு ஒரே அணியில் ஆடிய
தங்கை