அழுவதற்கு முன் ஒரு பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நேற்று வார்டன் போனிலிருந்து அழுதுகொண்டே பேசியது நான்தான் அப்பா. "மறுபடியும் என் பொண்ணு குரல்லயே வர்றியா? வெக்கமா இல்ல? வைடா போனை!" என்று நீங்கள் கத்தியதும் வார்டனே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

உங்கள் மேல் தப்பில்லை. போன மாதம் யாரோ கம்ப்யூட்டரில் என் குரலைச் செய்து, அதை அழவைத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று உங்களையே போனில் பணம் அனுப்ப வைத்தார்களே. பாங்கிலும், "நீங்களாத்தானே சார் அனுப்புனீங்க" என்று கைவிரித்துவிட்டார்கள்.

எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், அவ்வளவுதான். விடுதியில் மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்று தனி அறையில் படுக்கவைத்திருக்கிறார்கள். "இனிமேல் வீட்டைக் கலவரப்படுத்தாதே" என்று வார்டன் சொன்னதால், வராந்தா விளக்கு வெளிச்சத்தில் ஒளித்து எழுதுகிறேன். சாப்பாடு கொண்டுவரும் அக்கா தபாலில் போடுவார். இருட்டில் மூச்சு வாங்கும்போதுதான் பயமாக இருக்கிறது. நிஜமாகவே எனக்கு ஏதாவது ஆனாலும் போனை வைத்துவிடுவீர்களே.

தலைவலித் தைலம் அனுப்புங்கள். புதிது வேண்டாம், அம்மா பாதி தேய்த்த டப்பாவே போதும்.

நம் பழைய சைக்கிளுக்கு நாம் இருவரும் வைத்த பெயர் ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இங்கே எழுதமாட்டேன். இனி போனில் முதலில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் அழுகிறேன். நான் அழுது முடிக்கும்வரை வைத்துவிடாதீர்கள்.

யாரோ வருகிறார்கள்.

நிஜமாகவே உங்கள் மகள்