பதினொன்றரை இறாத்தல் கெண்டை

1961 பெப்ரவரி 5, ஞாயிறு

மறுபடியும் மூன்றாவது இடம்.

நுவரெலியா ஏரியில் மாதம் ஒரு ஞாயிறு தூண்டில் போட்டி. முன்பெல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் மட்டும்தான். போன வருடம்தான் எங்களைப் போன்றவர்களையும் சங்கத்தில் சேர்த்தார்கள். ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று பேர். காலை ஏழிலிருந்து பகல் ஒன்று வரை பிடித்ததையெல்லாம் ஒன்றாக நிறுப்பார்கள்.

எங்கள் மூவரில் துரைராசா ஐயா ஆபீஸ் கிளார்க்கர், யாழ்ப்பாணத்துக்காரர், ரீல் வைத்த தடி அவரிடம் மட்டும். மாயாண்டி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், என்னோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவன். வெறும் மூங்கில் தடியை வைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் சேர்த்ததை விட அதிகம் பிடிப்பான். மூன்றாவது ஆள் நான். இன்று என் தூண்டிலில் விழுந்தது ஒரு அரை இறாத்தல் குஞ்சு.

முதல் இடம் வழக்கம்போலப் பக்கத்துத் தோட்டம். லொறி ஓட்டும் சிவசாமியின் ஆட்கள்.

பஸ்ஸில் துரைராசா ஐயா சொன்னார்: "கந்தப்பன், உமக்குப் பொறுமை இல்லை காணும். மீனுக்கே அது விளங்குது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

பெப்ரவரி 9

இன்று பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்தேன். நேற்றும் நிறுத்தேன். எட்டு வருடமாக நிறுக்கிறேன். எஸ்.எஸ்.சி. பரீட்சை இரண்டு தரம் தவறியவனுக்கு இதுவே பெரிசு என்று வீட்டில் சொல்கிறார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்காவது போகத் தோன்றுகிறது. எங்கே?

பெப்ரவரி 19, ஞாயிறு

மாயாண்டியோடு ஆற்றில் தூண்டில் போட்டுப் பழகினேன். கோதுமை மாவில் கித்துள் மரத்து வெல்லப் பாணி விட்டுப் பிசைந்து அவன் செய்யும் இரை இருக்கிறதே, மனுசனே தின்னலாம். ஒரு மணி நேரம் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருந்தான். நான் நாலு தரம் இடம் மாறினேன்.

"ஏண்டா இப்படி முள்ளு மேல நிக்கிற மாதிரி நிக்கிற?"

"ஒருதரமாச்சும் ஜெயிக்கணும்டா."

"ஜெயிச்சா?"

தூண்டிலை இழுத்து மறுபடி வீசினேன். ஒருதரமாவது பஸ்ஸில் வரும்போது கேலிப் பேச்சு இருக்காது. அவ்வளவுதானா? அவ்வளவு இல்லை. வேறென்ன என்றும் தெரியவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

வென்றோம்!

சிவசாமி ஆட்களை மூன்று அவுன்ஸில். மாயாண்டி பிடித்த ஒரு கெண்டை மட்டும் பதினொன்றரை இறாத்தல். இந்த வருடம் இவ்வளவு பெரியது ஏரியில் ஏறவில்லை என்று சங்கத்தின் சிங்களச் செயலாளர் மாத்தையா சொன்னார். கோப்பையைக் கையில் கொடுத்ததும் மாயாண்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையில் வைத்துக்கொண்டான். துரைராசா ஐயா என் தோளில் தட்டினார். பெரிய மீன் சங்க வழக்கப்படி பக்கத்து ஓட்டல் சமையற்கட்டுக்குப் போயிற்று.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இன்றைக்கு இவ்வளவு போதும்.

மார்ச் 7, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

சிவசாமி ஆட்களுடைய மீனை முதலில் நிறுத்தார்கள். எவ்வளவு என்று சத்தமாகச் சொன்னது கரையில் கேட்டது. துரைராசா ஐயாவும் மாயாண்டியும் தூண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "நீ கொண்டு போடா" என்று மாயாண்டி சொன்னான். மீன்களைச் சாக்கில் போட்டுத் தூக்கினேன். எட்டு வருடம் நிறுத்த கை. தூக்கியதுமே தெரிந்தது, கொஞ்சம் குறையும். மயிரிழைதான், ஆனால் குறையும்.

படகுக் கொட்டகைக்குப் பின்னால் யாரும் இல்லை. சட்டைப் பையில் ஈயக் குண்டுகள் இருந்தன, தூண்டில் கயிற்றில் கட்டுகிறது. மூன்றை எடுத்து மாயாண்டியின் கெண்டை வாயில் போட்டு விரலால் உள்ளே தள்ளினேன். தொண்டை வரைக்கும். மீன் இன்னும் சாகவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது.

மூன்றும் சேர்த்தால் நாலு அவுன்ஸ். வென்றது மூன்று அவுன்ஸில். அப்படியானால் தோற்றிருக்க வேண்டியது ஒரு அவுன்ஸில். ஒரே ஒரு அவுன்ஸ்!

யோசிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. யோசித்துச் செய்திருந்தால் நிறுத்தியிருக்கலாம்.

மார்ச் 12, ஞாயிறு

கோப்பையை மாரியம்மன் கோயில் வாசலில் வைத்துப் பூப் போட்டார்கள். தப்பு அடித்தார்கள். சிவசாமி தன் லொறியில் வந்து இறங்கினார். தோற்றவர் வந்து வாழ்த்துகிறார்! "தம்பி, அந்த இரை எப்படிச் செய்யிறீங்க, சொல்லுவீங்களா?" என்று மாயாண்டியிடம் கேட்டார். இவன் மறைக்காமல் முழுதும் சொல்லிக்கொடுத்தான். சிவசாமி எனக்கும் கை கொடுத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கொடுத்தேன்.

மார்ச் 15, புதன்

சங்கத்திலிருந்து துரைராசா ஐயாவுக்குக் கடிதம். ஓட்டலில் கெண்டையை அறுத்த சமையற்காரர் வயிற்றுக்குள் மூன்று ஈயக் குண்டுகள் கண்டாராம். ஒன்றென்றால் இரையோடு விழுங்கியது எனலாம், மூன்றை எப்படி விழுங்கும் என்று கேட்டிருக்கிறார்கள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி போட்டி தொடங்கும் முன் விசாரணை. மீனைப் பிடித்தவர் கட்டாயம் வர வேண்டும்.

மீனைப் பிடித்தவர் மாயாண்டி.

ஆபீஸ் வாசலில் வைத்து ஐயா கடிதத்தைப் படித்துக் காட்டினார். மாயாண்டி முதலில் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"நீர் செய்திருந்தா இப்பவே சொல்லும். பிறகு என்ர பேரும் நாறும்."

"நானுங்களா?" என்றான். "ஐயா, நானுங்களா?"

நான் அங்கேயே நின்றேன்.

மார்ச் 19, ஞாயிறு

மாயாண்டி வந்தான். வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

"கந்தா, நல்லா யோசிச்சுச் சொல்லு. நீதானே தூக்கிட்டுப் போன. வழியில எவனாச்சும் சாக்கைத் தொட்டானா?"

"இல்லடா."

"கீழே வச்சியா?"

"இல்ல."

"அப்ப எப்படிடா போச்சு?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். சந்தேகத்தில் இல்லை. படித்தவன், ஏதாவது வழி சொல்வான் என்று பார்த்தான். கடவுளே, அவனுக்கு என் மேல் சந்தேகம் வரவே இல்லையே! வந்திருந்தால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பேன்.

மார்ச் 22

நாளை சொல்லிவிடுவேன்.

மார்ச் 23

சொல்லவில்லை.

மார்ச் 28, செவ்வாய்

காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது யாரோ "ஈயாண்டி" என்று கத்தினான். சனம் முழுக்கச் சிரித்தது. கங்காணியும் சிரித்தார். மாயாண்டி கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தலையைக் குனிந்தபடி மலைக்குப் போனான். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தத் தலையில்தான் கோப்பை இருந்தது.

துரைராசா ஐயா இப்போது அவனோடு பேசுவதில்லை. என்னிடம் மட்டும் சொல்கிறார்: "பாவம், ஆசைப்பட்டுட்டான். படிப்பில்லாத ஆள்தானே." நான் தலையாட்டினேன். ஆட்டினேன்! இந்தத் தலையை என்ன செய்வது?

விசாரணை முடிந்து தடை போட்டுவிட்டால் எல்லோரும் கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்பும் என்னுடையதுதான்.

ஏப்ரல் 6, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வேலை முடிந்து நேரே லயத்தில் அவன் காம்பராவுக்குப் போனேன். அவன் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி பூரணி, ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போக. அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உட்காராமலே சொன்னேன். "குண்டு போட்டது நாந்தான்."

மாயாண்டி நிமிர்ந்து பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். எழுந்து தண்ணீர்ப் பீலிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"நான் கேட்டேனேடா. அன்னைக்கு நேருக்கு நேரா கேட்டேனே" என்றான். அவ்வளவுதான்.

பூரணிதான் பேசினாள். "ஏன்ணே, தினம் எங்க கொழுந்துக் கூடையில ரெண்டு றாத்தல் வெட்டுறீங்களே, அப்பயும் இப்படித்தான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்குவீங்களா?"

ஈரக் கொழுந்துக்கும் கூடைக்கும் கழிக்கச் சொல்வது கணக்கப்பிள்ளை, நான் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கழிக்கிற கை என்னுடையது.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஏரிக்கரையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். செயலாளர் சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கொட்டகைக்குப் பின்னால், மூன்று குண்டு, என் விரல். மாயாண்டி புதுப் பொத்தான் தைத்த சட்டையோடு பக்கத்தில் நின்றான். அவனுக்குக் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு வருடத் தடை. எங்கள் அணியே கலைந்தது. கோப்பை சிவசாமிக்குப் போனது.

சிவசாமி அதை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஒரு அவுன்ஸ்தானே தம்பி. கேட்டிருந்தா நானே ஒரு மீனைத் திருப்பித் தண்ணியில விட்டிருப்பேனே." கோபமாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா? இன்னும் தெரியவில்லை.

துரைராசா ஐயா வேறு பஸ்ஸில் போனார்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப்பிறப்பு விடுமுறை. மாயாண்டி வீட்டுப் பலகாரம் வரவில்லை. எதிர்பார்த்தேனா? வாசலை எத்தனை தரம் பார்த்தேன் என்று அக்காவுக்குத் தெரியும்.

ஏப்ரல் 26, புதன்

திங்களும் செவ்வாயும் கழிக்காமல் நிறுத்தேன். தராசு காட்டியது எதுவோ அதையே எழுதினேன். இன்று கணக்கப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். "என்னா, மனசு மாறிப்போச்சா? வேல வேணுமா வேணாமா?" என்றார்.

கழித்தேன். ஆளுக்கு இரண்டு இறாத்தல். பூரணி முறை வந்தபோது அவள் தராசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒரு இறாத்தல் கழித்தேன். அதற்குள் கணக்கப்பிள்ளை இருமினார். இரண்டு எழுதினேன்.

வீரனாக இருந்தால் எழுத நிறைய இருக்கும். நான் இல்லை.

மே 8, திங்கள்

சிவசாமியின் ஆட்களில் ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாராம். சங்கத்தில் அனுமதி வாங்கி மாயாண்டியைச் சேர்த்துக்கொண்டார்களாம். நேற்றுப் போட்டியில் இரண்டாம் இடம். லயத்தில் பேசிக்கொண்டார்கள். இப்போது யாரும் "ஈயாண்டி" என்று கூப்பிடுவதில்லை. என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் ரயில் ரோட்டுப் பக்கம் நடக்கிறேன். கால் வலிக்கும் வரை. பிறகு அதே வழியில் திரும்பி வருகிறேன்.

ஜூன் 3, சனி

சாயந்திரம் மாயாண்டி வாசலில் வந்து நின்றான். இரண்டு மாதத்துக்குப் பிறகு. உள்ளே வரவில்லை.

"நாளைக்கு எங்களுக்கு வலை பிடிக்க ஆளில்ல. வர்றியா?"

"என்னைத்தான் தடை பண்ணிட்டாங்களே."

"தூண்டில் போடத்தான் தடை. சிவசாமி அண்ணன் செயலாளர்கிட்ட கேட்டுட்டாரு."

"வர்றேன்" என்றேன். சட்டென்று சொல்லிவிட்டேன், அவன் மனசு மாறுவதற்குள்.

போனவன் திரும்பினான். "தராசுப் பக்கம் மட்டும் வராத."

"சரி."

ஜூன் 4, ஞாயிறு

காலையில் பனி. ஏரியின் அக்கரை தெரியவில்லை. ஆறு மணி நேரம் முழங்கால் தண்ணீரில் வலையோடு நின்றேன். மாயாண்டி தூண்டிலை இழுக்க, கிட்டே வந்த மீனுக்கு அடியில் நான் வலையைக் கொடுக்க வேண்டும். பழைய பழக்கம் கைக்குத் தெரிந்திருந்தது. "இப்ப" என்பான், நான் தூக்குவேன். அந்த ஒரு சொல்லைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. ஏழு கெண்டை. ஒன்றும் தவறவில்லை. இடம் மாற வேண்டும் என்று ஒருதரம்கூடத் தோன்றவில்லை. இதை எழுதும்போதுதான் அது தெரிகிறது.

நிறுக்கும் நேரத்தில் தூரத்தில் சவுக்கு மரத்தடிக்குப் போய், எல்லோரும் பார்க்கிற மாதிரி கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் என்னைக் காட்டிப் பேசினார்கள். மூன்றாம் இடம் என்று சிவசாமி அங்கிருந்தே விரலைக் காட்டிச் சிரித்தார்.

நனைந்த வலையைத் துவைத்துப் பிழிந்து கொடுத்தேன். பஸ்ஸில் கடைசியாக ஏறினேன். சனம் நெருக்கம். மாயாண்டி சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் வலையை வைத்திருந்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நானு ஓயா ஸ்டேஷன் தாண்டியதும் வலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஈர இடத்தில் போய் உட்கார்ந்தேன்.