மூன்றாவதாக வாசித்தவன்

பிரியமான கெசியா,

நம் பிள்ளை ஜெனோவை அடக்கம் செய்த மறுநாள் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். திரும்பி வரச் சொல்லி இதை எழுதவில்லை.

நேற்று பெங்களூரிலிருந்து பார்கவி என்ற பெண் நம் வீட்டுக்கு வந்திருந்தாள். ஜெனோவின் ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் வாசிப்பவள். அவர்களுடைய கடைசிக் கச்சேரியின் பதிவைத் தன் போனில் போட்டாள். ஒரே பாட்டுக்குள் மூன்று பேர், ஒருவர் முடித்ததும் அடுத்தவராக, தனியாக சாக்ஸபோன் வாசிக்கிறார்கள்.

"யார் வாசிச்சது உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அங்கிள்?" என்று கேட்டாள்.

"இதக் கேக்கணுமாம்மா? ரெண்டாவதுதான். எம்பிள்ள வாசிப்பு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அது நான், அங்கிள். ஜெனோ மூணாவது" என்றாள்.

"சர்ச்சுல வாசிக்கதுன்னா வாசி. இந்தச் சத்தம் இனிமே வீட்டுல கேக்கக் கூடாது" என்று நான் சொன்ன அன்றுதான் அவன் பெங்களூருக்குக் கிளம்பினான். நீ தெருமுனைவரை அழுதுகொண்டே போனாய். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் பதிவை உன் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஜெனோ வாசிக்கத் தொடங்குமுன் மூச்சை இழுக்கும் சத்தம் அதில் கேட்கிறது. காலையிலிருந்து திரும்பத் திரும்ப அந்த மூச்சுவரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறேன். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ முழுவதையும் கேள். நன்றாக வாசித்திருக்கிறானா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அவனுடைய அப்பா