பச்சைச் சட்டைப் பெண்

ஞாயிறு இரவு

மத்தியானம் ஜெசி லேப்டாப்பில் ஒரு பழைய வெளிநாட்டுப் படம் போட்டாள். ஒரு பெண்கள் விடுதிக்குள்ளேயே ஒளிந்துகொண்டு ஒவ்வொருத்தியாகக் கொல்கிறான் ஒருவன். கீழே வீட்டுக்காரருக்குக் கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்தி, சத்தத்தையும் நிறுத்திவிட்டு, எழுத்தைப் படித்தே மூன்று பேரும் பார்த்தோம்.

ஜெசிக்குப் பிடிக்கவில்லை. "பாதிப் படம் மாடிப்படியத்தான் காட்டுறாங்க" என்றாள். கௌரி சிரித்தாள். "வீட்டுக்குள்ள ஒருத்தன் பார்த்துக்கிட்டே இருக்கான், ஒருத்திக்குமா தெரியாது?" பச்சைச் சட்டைப் பெண் தூங்குகிறவர்களை எழுப்பாமல் தனியாகப் போனதுதான் முட்டாள்தனம் என்றேன் நான். எல்லாம் கிசுகிசுப்பில்தான்.

சாயங்காலம் தண்ணீர் வரவில்லை என்று சொல்லக் கீழே போனேன். வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு, "அந்தப் பச்சச் சட்டப் புள்ள தப்பிச்சிருக்கலாம்ல டீச்சர்? எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதிப் படியில்தான் உறைத்தது.

இன்று அவரிடம் பேசினீர்களா என்று இருவரிடமும் கேட்டேன். கீழேயே போகவில்லை என்றார்கள். ஏன் என்று கௌரி கேட்டதற்கு ஏதோ சொல்லி மழுப்பினேன்.

எங்கள் கட்டில்களுக்கு எதிரே ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கிறது. இந்தத் திருக்கோகர்ணம் மாடிக்குக் குடிவந்த அன்று, நாங்கள் கேட்காமலேயே அவர் கொண்டுவந்து மாட்டியது. இப்போதுதான் அதைக் கழற்றி, மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கீழே அவர் வீட்டுக் கதவு திறக்கிறது. படியில் செருப்புச் சத்தம்.

இவர்களை எழுப்ப வேண்டும்.